சேம்பருக்குள் இறங்கியவர் குழுவை விட்டுப் போகவில்லை

குடிநீர்க் குழாய்ப் பராமரிப்புப் பணிக்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு குழுத் தொடர்பு அமைப்பில் களப்பணியாளர்களின் கைபேசிகளை இணைத்தபோது என்னென்ன உடைந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன். இந்தப் பணியில் அமைப்பை வடிவமைத்தவர்களில் நானும் ஒருவன். நிறுவனத்தின் பெயர் தேவையில்லை. இதே சிக்கல், அலுவலகக் கணினிகளுக்காகக் கட்டிய எதையும் மொபைலுக்குக் கொண்டுபோகிற யாருக்கும் வரும்.

முன்பு இருந்தது

கட்டுப்பாட்டு அறையில் ஐந்து மேசைகள், ஐந்து கணினிகள். எந்த உடைப்புக்கு எந்த அணி போயிருக்கிறது, எந்த வால்வு மூடியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று காட்டும் பலகை ஐந்து திரைகளிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். ஒரு மேசையில் இருப்பவர் மாற்றினால் மற்ற நால்வருக்கும் அதே நொடியில் தெரிய வேண்டும். ஒரு கணினி படுத்துவிட்டால் மீதி நான்கும் குழப்பமில்லாமல் தொடர வேண்டும்.

இதற்கென்றே இருப்பதுதான் குழுத் தொடர்பு லைப்ரரி, அதாவது நம் நிரலுக்குள் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த மென்பொருள். அது மூன்று விஷயங்களுக்கு உத்தரவாதம் தருகிறது. குழுவில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் எல்லோரிடமும் ஒன்றாக இருக்கும். செய்திகள் எல்லோருக்கும் ஒரே வரிசையில் வரும். ஒருவர் விழுந்து பட்டியல் மாறும்போது, அந்த மாற்றத்துக்கு முன்பு வந்த செய்திகள் எவை என்பதில் மீதியிருப்பவர்களுக்குள் வேறுபாடு இருக்காது. மூன்றாவதுதான் கடினமானது. 1980-களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கென் பிர்மனும் அவருடைய சகாக்களும் ஐசிஸ் என்ற அமைப்பில் இதை உருவாக்கினார்கள். நியூயார்க் பங்குச் சந்தையும் பிரான்சின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் ஐசிஸைப் பயன்படுத்தியிருக்கின்றன. அந்த வம்சத்தில் வந்த லைப்ரரி ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. ஒரே கட்டடத்துக்குள், கம்பி நெட்வொர்க்கில், பல வருடம் பிசகில்லாமல் ஓடியது.

அப்புறம் களத்தில் இருப்பவர்களுக்கும் பலகை வேண்டும் என்ற கோரிக்கை வந்தது. அதுவரை மேசையில் இருப்பவர் ஃபோனில் கேட்டுக்கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். நியாயமான கோரிக்கை. 60 கைபேசிகள். லைப்ரரியை அப்படியே ஆப்புக்குள் வைத்து, ஒவ்வொரு கைபேசியையும் முழு உறுப்பினராகக் குழுவில் சேர்த்துவிட்டோம். ஐந்து பேர் இருந்த குழுவில் 65 பேர். சோதனை அறையில் வைஃபையில் எல்லாம் அருமையாக ஓடியது.

முதல் வாரம்

களத்துக்குப் போன முதல் நாள் காலையிலேயே கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு: "பலகை உறைஞ்சுபோய் நிக்குது." உறைந்து நின்றது கைபேசி மட்டும் அல்ல, பல வருடம் ஓடிய ஐந்து மேசைகளும்தான். லாக்கை, அதாவது கணினி எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவைத் திறந்தால் பக்கம் பக்கமாக இப்படி இருந்தது (31, 12, 44 என்பவை உறுப்பினர் எண்கள்):

10:02:17 – 31 நீக்கம், பட்டியல் 884
10:02:19 – 12 நீக்கம், பட்டியல் 885
10:02:24 – 31 சேர்க்கை, பட்டியல் 886, முழுப் பலகை அனுப்பப்படுகிறது
10:02:26 – 44 பதில் இல்லை, பட்டியல் மாற்றம் காத்திருக்கிறது

எங்கள் லைப்ரரியில் ஒவ்வொரு உறுப்பினரும் 2 நொடிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். இதற்கு ஹார்ட்பீட் என்று பெயர். மூன்று முறை தவறினால், அதாவது 6 நொடி சத்தமில்லை என்றால், அவரைச் செத்தவராக எண்ணிப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். நீக்கும்போது ஒரு சடங்கு உண்டு. எல்லோரும் புதிய செய்தி அனுப்புவதை நிறுத்துவார்கள். கையில் இருக்கும், மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாத செய்திகளைப் பரிமாறிக்கொள்வார்கள். எல்லோரும் "முடிந்தது" என்ற பிறகுதான் புதிய பட்டியல் நடைமுறைக்கு வரும். கம்பி நெட்வொர்க்கில் இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும், அதுவும் எப்போதாவது ஒருமுறை.

கைபேசியில் கணக்கே வேறு. ஒரு கைபேசி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 6 நொடிக்கு மேல் நெட்வொர்க்கை இழக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட், அடித்தளம், ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்கு மாறும் இடம் என்று நினைத்துப் பார்த்தால் இது அதிகமான அளவு இல்லை. 60 கைபேசிக்கு நிமிடத்துக்கு 6 இழப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நீக்கம், ஒரு மறுசேர்க்கை. ஆக நிமிடத்துக்கு 12 பட்டியல் மாற்றம், 5 நொடிக்கு ஒன்று. ஒரு மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போது இன்னொரு கைபேசி மறைந்தால், அதன் "முடிந்தது" வராமல் 6 நொடி காத்திருந்து, அதையும் நீக்க மறுபடி தொடங்க வேண்டும். 5 நொடிக்கு ஒருமுறை வரும் வேலைக்கு 6 நொடி பிடித்தால் அது எப்போது முடியும்? முடியாது. அதனால்தான் மேசைகளும் உறைந்தன. களத்தில் யாரோ ஒருவர் லிஃப்டில் ஏறியதற்குக் கட்டுப்பாட்டு அறை நின்றது.

முதலில் நாங்கள் செய்தது எல்லோரும் செய்வதுதான். 6 நொடியை 60 நொடி ஆக்கினோம். உறைவது குறைந்தது. ஆனால் உண்மையிலேயே ஒரு மேசைக் கணினி படுத்தால் அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடமும் எல்லோரும் காத்திருந்தார்கள். அதோடு, நிலத்தடியில் வால்வு இருக்கும் சேம்பருக்குள் இறங்குகிறவர் அரை மணி நேரம் சிக்னல் இல்லாமல் இருப்பார். அவருக்கு 60 நொடியும் போதாது, 600 நொடியும் போதாது.

இது எண்ணை மாற்றித் தீர்கிற விஷயமே இல்லை. 1985-இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் என்ற கணினி அறிவியலாளர்கள் மூவரும் ஒன்றை நிரூபித்தார்கள். செய்தி வந்துசேர இவ்வளவு நேரம்தான் ஆகும் என்ற எல்லையே இல்லாத நெட்வொர்க்கில், ஒரே ஒரு கணினி நின்றுபோகலாம் என்றாலும், மற்றவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு நிச்சயம் வந்துசேர்வார்கள் என்று தற்செயலின் துணையில்லாத எந்த வழிமுறையாலும் உறுதி தர முடியாது. மெதுவாக இருப்பவரையும் செத்தவரையும் வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லை என்பதுதான் அடியில் கிடக்கும் சங்கடம். கம்பி நெட்வொர்க்கில் "6 நொடி பேசாதவர் செத்தவர்" என்ற ஊகம் ஏறக்குறைய எப்போதும் சரியாக இருந்ததால், அது ஊகம் என்பதையே மறந்துவிட்டோம்.

சேம்பருக்குள் இறங்கியவர் சாகவில்லை. குழுவை விட்டுப் போகவும் இல்லை. அந்த நேரத்தில் அந்தக் குழுவிலேயே முக்கியமான ஆள் அவர்தான், ஏனென்றால் வால்வில் கை வைத்திருப்பவர் அவர். இணைப்பு அறுந்ததையும் உறுப்புரிமை முடிந்ததையும் ஒன்றாக எண்ணியதுதான் எங்கள் தவறு. பிறகு செய்த எல்லாத் திருத்தமும் இந்த இரண்டையும் பிரித்ததிலிருந்து வந்தவைதான்.

7-ஆம் வால்வு

உறைவதைக் குறைத்துவிட்டோம் என்று மூச்சுவிட்ட மூன்றாம் நாள், இதைவிட மோசமான ஒன்று நடந்தது. அதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மேசையிலிருந்து 412-ஆம் செய்தி: "3-ஆம் அணி 7-ஆம் வால்வை மூடவும்." அணித் தலைவர் சேம்பருக்குள் இறங்கி 10:12-க்கு மூடினார். உள்ளிருந்தே "7 மூடியாச்சு" என்று தட்டினார். சிக்னல் இல்லை. ஆப் அதைக் கைபேசியிலேயே பிடித்து வைத்துக்கொண்டது. மேலே வந்தவர் நிற்காமல் பக்கத்தில் இருந்த பம்ப் அறையின் அடித்தளத்துக்குள் 8-ஆம் வால்வைப் பார்க்கப் போய்விட்டார். அங்கேயும் சிக்னல் இல்லை.

இதற்கிடையில் வேறொரு பகுதிக்குத் தண்ணீர் நின்றுபோனதாக மேசைக்குத் தகவல் வந்தது. 3-ஆம் அணியிடமிருந்து சத்தமில்லை. மேசை 5-ஆம் அணியை அனுப்பியது: "7-ஐப் பாருங்கள், மூடியிருந்தால் திறக்கவும்." 10:27-க்கு 5-ஆம் அணி எழுதியது: "7 திறந்தாச்சு." அது 418-ஆம் செய்தி. 10:31-க்கு 3-ஆம் அணித் தலைவர் வெளியே வந்தார். அவருடைய கைபேசி சிக்னல் கிடைத்ததும் தேக்கி வைத்திருந்ததை அனுப்பியது. "7 மூடியாச்சு." அதற்குக் கிடைத்த எண் 419.

பலகை கடைசிச் செய்தியைத்தான் நம்பும். 65 திரைகளிலும் 7 மூடியிருப்பதாகக் காட்டியது. உண்மையில் திறந்திருந்தது. அதன் கீழ்ப்பக்கத்தில் குழாயை வெட்டக் காத்திருந்த 2-ஆம் அணி பலகையைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கியது. நல்லவேளையாக, வெட்டும் முன் வடிகால் குழாயைத் திறந்து பார்ப்பது அந்த அணித் தலைவரின் பழக்கம். திறந்ததும் தண்ணீர் முழு அழுத்தத்தோடு பீறிட்டது. உடனே மேசையைக் கூப்பிட்டார்.

அன்று இரவு லாக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எங்களை உலுக்கியது இதுதான்: லைப்ரரி எந்தத் தவறும் செய்யவில்லை. எல்லோருக்கும் ஒரே வரிசை என்று உத்தரவாதம் தந்தது, அப்படியே தந்துவிட்டது. காரணகாரிய வரிசையும் மீறப்படவில்லை. 1978-இல் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் எழுதியபடி, ஒரு நிகழ்வின் தகவல் இன்னொன்றை எட்டியிருந்தால்தான் முன்னது பின்னது என்ற பேச்சு. 3-ஆம் அணி எழுதியபோது 418-ஐப் பார்க்கவில்லை, 5-ஆம் அணி எழுதியபோது 3-ஆம் அணியின் செய்தியைப் பார்க்கவில்லை. இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை. அப்படிப்பட்ட இரண்டை லைப்ரரி எந்த வரிசையில் வேண்டுமானாலும் வைக்கலாம். அது வந்துசேர்ந்த வரிசையில் வைத்தது.

கம்பி நெட்வொர்க்கில் எழுதுவதற்கும் வந்துசேர்வதற்கும் இடையில் சில மில்லிநொடிகள்தான். அதனால் வந்த வரிசையும் நடந்த வரிசையும் ஒன்றாகவே இருந்தன. பல வருடமாக நாங்கள் சாய்ந்திருந்தது லைப்ரரி தந்த உத்தரவாதத்தின் மேல் இல்லை, அந்த மில்லிநொடிகளின் மேல். கைபேசியில் அது 19 நிமிடம் ஆனதும் சாய்மானம் போய்விட்டது.

கைபேசியின் கடிகார நேரத்தை வைத்து வரிசைப்படுத்தலாமே என்று முதலில் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. இரண்டு காரணத்தால் விட்டோம். கைபேசிக் கடிகாரத்தைக் கையால் மாற்ற முடியும், தவறாகவும் ஓடும். அதைவிடப் பெரிய காரணம், கடிகாரம் சரியாகவே இருந்தாலும், 418-ஐப் பார்த்து ஏற்கெனவே வேலையில் இறங்கியவர்களுக்குப் பின்னால் போய் ஒரு செய்தியைச் செருக முடியாது. வரிசை ஒருமுறை வெளியே போய்விட்டால் அது போனதுதான்.

செய்தது இது. ஒவ்வொரு செய்தியோடும் "இதை எழுதும்போது நான் எதுவரை பார்த்திருந்தேன்" என்ற எண்ணும் சேர்ந்து போகும். 3-ஆம் அணியின் செய்தி 412 என்ற எண்ணைச் சுமந்து வந்திருக்கும். சர்வர் அதற்கு 419 கொடுக்கும்போது 413 முதல் 418 வரை பார்க்கும். அதில் 7-ஆம் வால்வைத் தொட்ட செய்தி இருந்தால், வந்தது செய்திகளின் வரிசையில் இடம்பெறும், ஆனால் பலகையை மாற்றாது. "412 வரை பார்த்து எழுதியது, உறுதிசெய்யவும்" என்ற குறியோடு மஞ்சளில் நிற்கும். மேசையில் இருப்பவர் இரண்டு அணியையும் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் பலகை மாறும். இந்த எண்ணத்தில் புதுமை ஏதும் இல்லை. 1990-களின் நடுவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் உருவான பேயோ என்ற அமைப்பில், ஒவ்வொரு பதிவும் தான் எந்த நிலையை நம்பி எழுதப்பட்டதோ அதைச் சோதிக்கும் வழியையும், முரண் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் தன்னோடு சுமந்து போகும். நெட்வொர்க் அறுந்து அறுந்து வரும் கணினிகளுக்காகவே அதைச் செய்தார்கள். நாங்கள் அதைப் படித்திருந்தும் எங்களுக்கு அது தேவைப்படும் என்று நினைக்கவில்லை.

பிரதிநிதி

குழுவின் கட்டமைப்பையே மாற்றியது அடுத்த வேலை. கைபேசியைக் குழுவிலிருந்து வெளியே எடுத்தோம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு கைபேசிக்கும் சர்வரில் ஒரு பிரதிநிதி. குழுத் தொடர்பு, பட்டியல் சடங்கு, வரிசை எல்லாம் மூன்று சர்வர்களுக்குள் மட்டும். பிரதிநிதி எப்போதும் அங்கேயே இருக்கும். கைபேசி வரும் போகும், அதைப் பற்றி மற்றவர்களுக்குக் கவலையில்லை. நிமிடத்துக்கு 12 என்று நாங்கள் கணக்குப் போட்ட பட்டியல் மாற்றம், இப்போது ஒரு சர்வர் படுத்தால் மட்டும்தான் வரும்.

1990-களின் முற்பாதியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆச்சார்யாவும் பத்ரிநாத்தும் நகரும் கணினிகளுக்குக் குழுச் செய்தி சேர்ப்பது பற்றி எழுதியபோதே இந்தத் திசையைக் காட்டியிருக்கிறார்கள். நகரும் கணினிக்கு பேட்டரி குறைவு, நெட்வொர்க் நிச்சயமில்லை, ஆகவே பாரத்தை நிலையான கணினிகள் சுமக்கட்டும் என்பது அவர்கள் வழி.

கைபேசி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: தன்னிடம் வந்த கடைசி எண்ணை நினைவில் வைத்திருப்பது. மறுபடி இணைந்ததும் "418 வரை இருக்கிறது" என்று சொல்லும். பிரதிநிதி 419-இலிருந்து அனுப்பும். முழுப் பலகையையும் மறுபடி அனுப்பும் வேலை ஏறக்குறைய நின்றுபோனது. மூன்று சர்வரில் குறைந்தது இரண்டு உயிரோடு இருந்தால்தான் புதிய எண் கொடுக்கப்படும். தனியாகிப்போன ஒரு சர்வரோடு கைபேசி இணைந்திருந்தால், எழுதலாம், ஆனால் செய்தி "காத்திருக்கிறது" என்றே காட்டும்.

எழுதும்போது சுலபமாகத் தெரிகிறது. கட்டும்போது மூன்று இடத்தில் சறுக்கினோம்.

முதலாவது, நகல். கைபேசி அனுப்பியது, சர்வர் எண் கொடுத்தது, "கிடைத்தது" என்ற பதில் வழியில் தொலைந்தது. கைபேசி மறுபடி அனுப்பியது. ஒரே செய்திக்கு இரண்டு எண். இதற்கு மருந்து தெரிந்ததுதான்: கைபேசியே ஒவ்வொரு செய்திக்கும் 1, 2, 3 என்று தன் எண் போட்டு அனுப்பும், பார்த்த எண் மறுபடி வந்தால் சர்வர் தள்ளிவிடும். போட்டோம். அடுத்த வாரம் ஒருவர் தன் செய்தி ஒன்றுகூடப் போகவில்லை என்றார். திரையிலோ எல்லாம் "கிடைத்தது". ஆப்பை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவியிருக்கிறார். அவருடைய எண்ணிக்கை 1-இலிருந்து தொடங்கியது. சர்வரைப் பொறுத்தவரை 1 முதல் 340 வரை எல்லாம் பழைய செய்தி, அத்தனையையும் நகல் என்று தள்ளிவிட்டு, "கிடைத்தது" என்றும் பதில் சொல்லியிருக்கிறது. இப்போது ஒவ்வொரு நிறுவலுக்கும் தற்செயலாக உருவாகும் ஓர் அடையாளம் உண்டு. எண் அதோடு சேர்த்துத்தான் பார்க்கப்படும். குழுத் தொடர்பில், விழுந்து எழுந்து வந்த கணினியைப் பழைய கணினி என்று எண்ணாமல் புது அவதாரமாக எண்ண வேண்டும் என்பது பாலபாடம். கைபேசியில் அதைத் தவறவிட்டோம்.

இரண்டாவது, ஒரு கைபேசிக்கு ஒரே நேரத்தில் இரண்டு இணைப்பு. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது ஐபி முகவரி மாறும். டிசிபி என்ற வழக்கமான இணைய முறையில் போட்ட பழைய இணைப்பு செத்தது கைபேசிக்குத் தெரியும், சர்வருக்குத் தெரியாது. கைபேசி வேறொரு சர்வரில் புதிதாக இணையும். பழைய சர்வரோ இன்னும் அவருக்கு அனுப்புவதாக நினைத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஏறிக்கொண்டே போகும் அமர்வு எண் கொடுத்தோம். பெரிய எண்ணைப் பார்த்ததும் பழையது தானாக விலகிக்கொள்ளும். பிற்பாடு டிசிபிக்குப் பதிலாக குயிக் என்ற புதிய இணைப்பு முறைக்கு மாறியபோது இந்த வலி வெகுவாகக் குறைந்தது. 2021-இல் ஆர்எஃப்சி 9000-ஆக (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவண வரிசை) வந்த குயிக்கில் இணைப்புக்கென்று தனி அடையாளம் உண்டு, முகவரி மாறினாலும் இணைப்பு தொடரும். ஆனால் அது டவர் மாறுவதைத் தாங்கும், சேம்பருக்குள் 40 நிமிடம் இருப்பதைத் தாங்காது. அதற்கு எண்ணும் பிரதிநிதியும்தான்.

மூன்றாவது, நினைவகம். எல்லோருக்கும் போய்ச்சேரும் வரை ஒரு செய்தியைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பது லைப்ரரியின் விதி. ஒருவர் விடுமுறைக்குப் போகும்போது கைபேசியை அணைத்துவிட்டார். மூன்று நாள் செய்தி அத்தனையும் எல்லா உறுப்பினர்களின் நினைவகத்திலும் அவருக்காகக் காத்திருந்தது. பிரதிநிதி வந்த பிறகு "எல்லோருக்கும்" என்பதன் பொருளை மாற்றினோம். மூன்று சர்வருக்கும் போய்ச்சேர்ந்து, டிஸ்கில் எழுதியாகிவிட்டால் போதும். கைபேசி தன் வேகத்தில் டிஸ்கிலிருந்து வாங்கிக்கொள்ளும். மிகவும் பின்தங்கியவருக்கு இன்றைய பலகையின் ஒரு படி, அதற்கு மேல் அன்றைய செய்திகள்.

பேட்டரியும் பச்சைப் புள்ளியும்

2 நொடி ஹார்ட்பீட் கைபேசியை மதியத்துக்குள் தீர்த்துவிடும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அனுப்புவது சில பைட்டுகள்தான். ஆனால் ஒருமுறை அனுப்பிய பிறகு கைபேசியின் ரேடியோ உடனே தூங்காது, இன்னும் ஏதாவது வருமோ என்று பல நொடி விழித்திருக்கும். 2 நொடிக்கு ஒருமுறை தட்டினால் அது தூங்கவே தூங்காது.

அப்படியென்றால் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை? நடுவில் இருக்கும் நாட் கருவிகள், அதாவது பல கைபேசிகளை ஒரே பொது முகவரியின் பின்னால் வைக்கும் கருவிகள், சும்மா இருக்கும் இணைப்பை மறந்துவிடும். 2008-இன் ஆர்எஃப்சி 5382 டிசிபி இணைப்பைக் குறைந்தது 2 மணி 4 நிமிடம் நினைவில் வைக்கச் சொல்கிறது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் லினக்ஸின் கீப்அலைவும் இயல்பாக 7200 நொடிக்கு ஒருமுறைதான். நடைமுறையில் மொபைல் நெட்வொர்க்குகள் அதற்கு வெகு முன்பே வெட்டிவிடும், ஒவ்வொன்றும் ஒரு கணக்கில். அதனால் ஆப்பே தேடிக் கண்டுபிடிக்கும்படி வைத்தோம். சில நிமிடத்தில் தொடங்கி, இணைப்பு உயிரோடு இருந்தால் இடைவெளியைக் கூட்டும். வெட்டப்பட்டால் குறைக்கும். எந்த நெட்வொர்க்கில் எது சரிப்பட்டது என்பதை நினைவில் வைக்கும். திரை அணைந்து ஆப் பின்னால் போய்விட்டால் இதுவும் கிடையாது. ஆண்ட்ராய்ட் 6-இல் 2015-இல் வந்த டோஸ், சும்மா கிடக்கும் கைபேசியில் ஆப்புகளின் நெட்வொர்க்கை நிறுத்திவைக்கும். அப்போது எழுப்ப புஷ் அறிவிப்பு மட்டும்தான் வழி. புஷ்ஷை நாங்கள் கதவைத் தட்டும் ஓசையாக மட்டும் பயன்படுத்துகிறோம். அதற்குள் செய்தியை வைப்பதில்லை. புஷ் தாமதமாகலாம், சேர்ந்து வரலாம், வராமலே போகலாம். தட்டியதும் ஆப் எழுந்து "418 வரை இருக்கிறது" என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். வரிசைக்கு உத்தரவாதம் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

பச்சைப் புள்ளிதான் நான் அதிகம் யோசித்த இடம். முதல் வடிவத்தில் இணைப்பில் இருப்பவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை, இல்லாதவர் பெயர் பட்டியலிலேயே இருக்காது. மேசையில் இருப்பவர்கள் அதைப் பார்த்து "3-ஆம் அணி வெளியே போயிட்டாங்க போல" என்று முடிவு கட்டி வேறு அணியை அனுப்பினார்கள். 7-ஆம் வால்வு கதையின் தொடக்கமே அந்தக் காணாமல்போன பெயர்தான்.

இப்போது பெயர் மறையாது. பெயருக்குப் பக்கத்தில் "412 வரை பார்த்தார், 10:09" என்று இருக்கும். மேசையில் இருப்பவருக்கு வேண்டியதும் அதுதான். நான் அனுப்பிய "நிறுத்து" அவருக்குப் போய்ச்சேர்ந்ததா இல்லையா? பச்சைப் புள்ளி இதற்குப் பதில் சொல்லாது. இணைப்பில் இருந்துகொண்டே இன்னும் வாங்கிக்கொள்ளாதவரும் உண்டு, வாங்கிக்கொண்டு சேம்பருக்குள் இறங்கியவரும் உண்டு. முக்கியமான சில கட்டளைகளுக்கு, குறிப்பிட்ட அணி பார்த்துவிட்டது என்று தெரியும் வரை மேசைத் திரையில் சிவப்புப் பட்டை நிற்கும். அது நீண்ட நேரம் நின்றால் மேசையில் இருப்பவர் ஃபோனை எடுப்பார், அல்லது ஆளை அனுப்புவார். இந்த ஒரு மாற்றத்தை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

குழுவிலிருந்து நீக்குவது என்பது இப்போது கணினி செய்யும் வேலையே இல்லை. ஷிஃப்ட் முடிந்து வெளியேறினால், அல்லது கைபேசி தொலைந்தது என்று மேற்பார்வையாளர் நீக்கினால் மட்டும். செய்திகளை அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் படிக்கும்படி முனைக்கு முனை மறைகுறியாக்கப் போகிறோம் என்பதால் இது இன்னும் முக்கியம். 2023-இல் ஆர்எஃப்சி 9420-ஆக வந்த எம்எல்எஸ் என்ற குழு மறைகுறியாக்க முறையில் உறுப்பினர் மாறும் ஒவ்வொரு முறையும் குழுவின் சாவி மாறும். சிக்னல் போனதையெல்லாம் விலகலாக எடுத்திருந்தால் சாவி மாற்றிக்கொண்டே இருந்திருப்போம்.

இன்னும் தீராதது

ஒரு சர்வர் படுத்தால் அதனோடு இருந்த கைபேசிகள் எல்லாம் ஒரே நொடியில் அடுத்த சர்வரில் வந்து மோதும். ஒவ்வொன்றையும் தற்செயலான சில நொடி காக்கவைத்து அதைச் சமாளித்துவிட்டோம். தீராதது வேறொன்று.

சில அணிகளில் கைபேசி ஆளுக்கு இல்லை, அணிக்கு ஒன்று. ஷிஃப்ட் மாறும்போது கை மாறும். காலை ஷிஃப்ட்டில் "412 வரை பார்த்தார்" என்று பதிந்தது கைபேசியின் பெயரில்தான். மாலையில் அதைக் கையில் வாங்கியவர் 412-ஐப் பார்க்கவே இல்லை, ஆனால் மேசையில் சிவப்புப் பட்டை அணைந்திருக்கும். ஆக, பார்த்த எண்ணை ஆள் பெயரில் வைக்க வேண்டும், கைபேசி பெயரில் இல்லை. அதற்கு, கைபேசியை வாங்கியதும் ஒவ்வொருவரும் தன் பெயரில் உள்ளே நுழைய வேண்டும். ஈரக் கையுறையோடு, சேம்பர் விளிம்பில் நின்றுகொண்டு கடவுச்சொல் தட்டச் சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள், செய்யவும் வேண்டாம். அட்டையைக் கைபேசியின் முதுகில் ஒட்டிக் காட்டினால் ஆள் மாறுகிற மாதிரி ஒன்றை இரண்டு அணிகளிடம் கொடுத்திருக்கிறோம். ஓர் அணி அட்டையைக் கைபேசி உறைக்குள்ளேயே நிரந்தரமாகச் செருகி வைத்திருப்பதைப் போன வாரம் பார்த்தேன். அவர்களோடு ஒரு நாள் முழுக்கக் களத்தில் இருந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த வடிவத்தைத் தொடப்போகிறோம்.